கீழ்வீட்டுச் சீலிங்

இனிச் செத்தாலும் பேஸ்மென்றுக்குக் குடிபோக மாட்டேன் என்று சந்திரவதனா சொன்னதை, கனடாவில் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அவளைத் தெரிந்த எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறாள். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடி சொல்லியிருக்கிறாள். வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில் கரட் வெட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரியிடமும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்ன வாய்தான் போன பங்குனியில், தன் சொந்த வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்றில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றது.

கஜீவன் அளவுநாடாவை நிலத்திலிருந்து மேலே பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்காபரோவில் பாதித் தமிழ்ச் சனத்தின் பேஸ்மென்றுகள் அவன் கையால் முடிந்தவைதான். இந்த வீடு வாங்கிய நாளிலிருந்து கீழே ஒரு வேலையும் நடக்கவில்லை. மேல்தளத்தைத் தாங்கும் மரங்கள் விலா எலும்புபோல வெளியே தெரிந்தன. அவற்றுக்கிடையே வயர்கள், தண்ணீர்க் குழாய்கள், ஃபேர்னஸிலிருந்து சூட்டுக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய தகரக் குழாய். அதற்குக் கீழே சந்திரவதனாவின் இரண்டாவது அடுப்பு, ஃபிறீசர், அரிசி மூட்டை. மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் எப்போதும் கீழேதான். மேல்வீட்டுக் குசினி வந்துபோகிற ஆட்களுக்காக மினுங்கிக்கொண்டிருக்கும்.

"மூண்டு வழி இருக்கு அன்ரி," என்றான் கஜீவன். "ட்ரைவோல் பலகை அடிச்சு மூடினா மேல்வீடு மாதிரி வழுவழுப்பா வரும், உயரமும் பெரிசாக் குறையாது. ஆனா நாளைக்கு ஒரு பைப் ஒழுகினா வெட்டித்தான் பாக்கவேணும். சதுரம் சதுரமா ரைல் போட்டா, ஒண்டைத் தூக்கிப்போட்டுக் கையை விடலாம். ஆனா சீலிங் இன்னும் கீழ இறங்கும். மற்றது, ஒண்டும் மூடாம மரம் பைப் எல்லாத்துக்கும் சேத்துக் கறுப்புப் பெயின்ற் அடிக்கிறது. இப்பத்தப் பெடியளுக்கு அதுதான் விருப்பம்."

கறுப்புப் பெயின்ற் மருமகன் மிதுனனின் விருப்பம். அவன் ஏற்கெனவே ஃபோனில் படம் காட்டியிருந்தான். அதைப் பார்த்த சந்திரவதனாவின் கணவர் இராஜரட்ணம், நாங்கள் என்ன கோப்பிக்கடைக்கோ குடிபோறம் என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவருக்கு ரைல்தான். அதற்கு அவர் சொல்லாத காரணம் கராஜில் அடுக்கியிருந்தது. அவர் பராமரிப்பு வேலை செய்யும் கட்டடத்தில் ஒரு தளத்தைத் திருத்தியபோது கழற்றி எறியக் கிடந்த ரைல்களை, வான் வண்டியொன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஏற்றி வந்திருந்தார். சும்மா கிடைத்த சாமானை விட்டுவிட்டு வந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்த ஏற்பாடு முழுவதும் சந்திரவதனாவின் யோசனைதான். மகள் துர்க்காவும் மிதுனனும் டவுன்ரவுனில் ஓர் அறைக் கொண்டோ அடுக்குமாடியில் இருந்தார்கள். பிள்ளை நதீஷா நடக்கத் தொடங்கிய பிறகு, அங்கே ஒருவர் அசைய வேண்டுமென்றால் மற்றவர் சோஃபாவில் ஏறி இருக்க வேண்டும். மேல்வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் கீழே போவோம் என்று சந்திரவதனா சொன்னபோது, இராஜரட்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உமக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டார்.

துர்க்கா வருவதற்குச் சம்மதித்தாள். ஆனால் அவளுக்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது. மேலே கதைப்பது கீழே கேட்கக்கூடாது. மரங்களுக்கிடையே சத்தம் உறிஞ்சும் பஞ்சை இறுக்கி அடைத்து, தடித்த ட்ரைவோலால் மூடவேண்டும். அவள் அதைக் கெஞ்சியும் கேட்கவில்லை, சண்டை பிடித்தும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே சொன்னாள். அந்த ஒன்று நடக்காவிட்டால் அவள் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கொண்டோவிலேயே இருந்துவிடுவாள் என்பது தாய்க்கு விளங்கியது.

தகப்பனுக்கு அது சுட்டது. "நாங்கள் என்ன ஒட்டுக்கேக்கிற ஆக்களோ? பெத்த தாய் தேப்பனுக்குக் கேக்கக்கூடாததை அப்பிடி என்ன கதைக்கப் போறாய்?"

"இட்ஸ் நொட் அபவுட் யூ அப்பா," என்றாள் துர்க்கா. பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "நானும் மிதுனும் சண்டை பிடிப்பம் அம்மா. எல்லாரும் பிடிக்கிறதுதான். கீழ நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறியள் எண்டு தெரிஞ்சா நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன். அப்பிடி இருந்தா ஒருநாளைக்கு வெடிச்சிடுவன்."

சந்திரவதனா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். மகள் சொல்வது உண்மை என்பது அவளுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆறு வருடம் இன்னொருத்தியின் குடும்பத்துக்குக் கீழே இருந்து, அந்தக் குடும்பத்தை முழுக்கக் காதால் வாசித்தவள் அவள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். டோர்செட் பார்க்கில், கென்னடி ரோட்டுக்குக் கிட்ட ஒரு வீடு. மேலே அன்ரனெற் அக்காவும் அன்புராசா அண்ணையும், கீழே புதிதாகக் கலியாணம் முடித்த இவர்கள். மேலே இருந்தது மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். தாங்களும் வந்து நாலு வருடம்தான் என்றாலும், வீட்டுக்காரர் என்ற பவுசு அன்ரனெற் அக்காவுக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

அந்தப் பேஸ்மென்றின் சீலிங் ரைல் சீலிங். வெள்ளைச் சதுரங்கள், புழு அரித்ததுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள். இராஜரட்ணம் எம்பாமலே உள்ளங்கையை அதில் பதிக்கலாம். அவர் இரண்டு வேலைக்கு ஓடினார். பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது, பின்னேரத்தில் அலுவலகம் துடைப்பது. வெளியே பனி. ஜன்னல் என்று சொல்லப்பட்டது நிலமட்டத்தில் ஒரு கீறல், அதுவும் மார்கழியில் மூடிவிடும். சந்திரவதனா அந்தச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பார்த்துக்கொண்டே சமைத்தாள்.

சமைத்ததுதான் வினை. அடுப்புக்கு மேலே புகைபோக்கி கிடையாது. நெத்தலி பொரித்தாள், செத்தல் மிளகாய் வறுத்தாள், கறித்தூள் இடிக்கக் கொத்தமல்லியை மணக்க மணக்க வறுத்து எடுத்தாள். கடுதாசி மட்டைபோல இருந்த அந்த ரைல் எல்லாவற்றையும் குடித்தது. முதல் மாரி முடிவதற்குள் அடுப்புக்கு மேலிருந்த சதுரம் பால் விட்ட தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரி கண்டால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவாள் என்ற பயத்தில் சந்திரவதனா ஒரு வேலை செய்தாள். கதிரையில் ஏறி அந்த ரைலைக் கழற்றி, அலுமாரிக்குப் பின்னால் எவரும் பார்க்காத மூலைச் சீலிங்கில் வைத்தாள். அங்கிருந்த வெள்ளை ரைலைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே போட்டாள். அதுவும் நிறம் மாறியதும் அடுத்ததை. கடைசியில் அலுமாரிக்கு மேலுள்ள சீலிங் ஒரு சதுரங்கப் பலகைபோல இருந்தது.

ஃபோன் மேல்வீட்டில்தான் இருந்தது. ஊரிலிருந்து எவரும் எடுத்தால் அன்ரனெற் அக்கா குதிக்காலால் இரண்டு தரம் தரையில் இடிப்பா. இவள் செருப்பும் போடாமல் படியேறி ஓடுவாள். மூன்று தரம் இடித்தால், தேத்தண்ணி போட்டாயிற்று, வா. ஒரேயொரு இடி, அதுவும் சன்னதம் வந்ததுபோல விழுந்தால், உந்த ரேப் ரெக்கோடரைக் குறை. வேறு சத்தங்களும் வந்தன. அவை எவரும் அனுப்பாத செய்திகள். அன்புராசா அண்ணை சப்பாத்தைக் கழற்றி எறிகிற விதத்திலேயே அன்றைக்கு வேலையில் என்ன நடந்தது என்று இவளுக்குத் தெரிந்துவிடும். அன்ரனெற் அக்கா செபமாலை சொல்லும்போது குரல் எந்த இடத்தில் உடையும் என்பதும் தெரியும். அந்தக் குடும்பத்தில் எவருடனும் அதிகம் கதைக்காமலே, இவள் அவர்களோடு சீவித்தாள். கனடாவுக்கு வந்த முதல் வருடங்களில் அவளுக்கு இருந்த சொந்தம், தலைக்கு மேலே நடந்த அந்தக் காலடிகள்தான்.

எல்லாவற்றையும் கெடுத்தவர் இராஜரட்ணம். அன்ரனெற் அக்காவின் மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கியதற்கு மேல்வீட்டில் விருந்து. அந்த வாரம் முழுக்க மேலே ஒரே சண்டை. அண்ணைக்கு மீன் வியாபாரத்துக்கு ஒரு வான் வாங்க ஆசை, அக்கா மாட்டேன் என்று அழுகை. விருந்தில் இராஜரட்ணம் ஒரு பியரை முடித்துவிட்டு, நாலு பேர் நடுவில் அன்புராசா அண்ணையின் தோளில் தட்டி, வானை வாங்குங்கோ அண்ணை, அக்கா வெள்ளிக்கிழமை அழுதாலும் சனிக்கிழமை சிரிச்சிடுவா என்றார். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரனெற் அக்கா கேக் வெட்டிய கத்தியைக் கழுவப் போனவ, சனம் போகும்வரை குசினியைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த கிழமை மேல்வீடு முழுக்கத் தடித்த காப்பெற் விரிப்புப் போட்டார்கள். கீழே ஒன்றும் கேட்காமல் போயிற்று. காலடி இல்லை, சப்பாத்து இல்லை, செபமாலை இல்லை. குதிக்கால் இடியும் இல்லை. படியில் கண்டால் அன்ரனெற் அக்கா தலையை மட்டும் ஆட்டுவா. அப்போது துர்க்கா வயிற்றில். தான் ஒரு கிணற்றுக்குள் இருப்பதுபோல சந்திரவதனாவுக்கு இருந்தது. இனிச் செத்தாலும் பேஸ்மென்றுக்குப் போகமாட்டேன் என்ற வாக்கியம் அவள் வாயில் பிறந்தது அந்தக் கிழமைகளில்தான். கேட்கிறவர்கள் எல்லோரும் அது பதிந்த கூரையையும் இருட்டையும் பற்றியது என்று நினைத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே தகரம் பாடியது. டிங், டிங். சூட்டுக் குழாய்க்குள்ளிருந்து வந்தது. ஃபேர்னஸ் வெடிக்கப் போகிறது என்று பயந்து வெளியே ஓட வெளிக்கிட்டவள், இரண்டாவது தரம் அதே இரண்டு தட்டைக் கேட்டதும் நின்றாள். பிறகு படியேறி ஓடினாள். அன்ரனெற் அக்கா குசினி நிலத்தில் முழந்தாளில் இருந்தா. கையில் ஒரு கரண்டி. சூட்டுக் காற்று வரக் காப்பெற்றை வெட்டி விட்டிருந்த வென்ற் ஓட்டையில் அதால் தட்டிக்கொண்டிருந்தா. கொழும்பிலிருந்து சந்திரவதனாவின் தாய் ஃபோனில்.

கதைத்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அக்கா தேத்தண்ணியோடு நின்றா. "உன்ர மனிசனுக்குச் சொல்லு," என்றா. "காப்பெற் போட்டாப் பிறகுதான் நான் நிம்மதியாச் சண்டை பிடிக்கிறன்."

அதன் பிறகு எல்லாம் கரண்டிதான். துர்க்கா பிறந்து, தவழ்ந்து, நடந்து, குழாய் பாடினால் தாய்க்கு முந்திப் படியில் நிற்கத் தொடங்கினாள். மேலே போனால் கிறீம் கிறாக்கர் பிஸ்கற் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்ரனெற் அக்கா இப்போது ஏஜக்ஸில் மகளோடு இருக்கிறா. கஜீவன் அளந்துவிட்டுப் போன அன்று பின்னேரம் சந்திரவதனா அவவுக்கு ஃபோன் எடுத்து, வீட்டுக் கதையெல்லாம் சொல்லி, சீலிங்குக்கு வந்தாள்.

"ரைல் மட்டும் போட்டிடாதை," என்றா அன்ரனெற் அக்கா உடனேயே. "நீங்கள் போய் ரெண்டு வருசம் என்ர பேஸ்மென்றிலை நெத்தலி மணத்தது. வந்த குடியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினதுகள். உருளையாலை வெள்ளை அடிச்சும் போகேல்லை."

சந்திரவதனா ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அலுமாரிக்குப் பின்னாலை மாத்தி மாத்தி வைச்சது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? ஃபேர்னஸ் பாக்க வந்தவன் முதல் வருசமே சொன்னவன்."

"பிறகேன் அக்கா ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு? மாசமாசம் நேரத்துக்கு வாடகை தாற குடி. அதோடை நான் மேல இருந்து நீ என்ன கறி வைக்கிறாய் எண்டு மணத்திலை பிடிச்சுக்கொண்டுதானே இருந்தனான்." பிறகு குரலைத் தணித்தா. "துர்க்கா சொல்லுறதைச் செய். நான் காப்பெற் போடாம விட்டிருந்தா உங்களை வீட்டைவிட்டு எழுப்பியிருப்பன். சத்தியமாச் சொல்லுறன்."

அடுத்த சனிக்கிழமை கஜீவன் முடிவு கேட்க வந்தான். இராஜரட்ணம் கராஜிலிருந்து இரண்டு ரைல்களைத் தூக்கிக்கொண்டு, கலியாணத்துக்குச் சீர் கொண்டுவருபவர்போலப் படியிறங்கி வந்தார். சந்திரவதனா அவரைக் கதைக்க விடவில்லை. ட்ரைவோல், என்றாள். எல்லா மரத்துக்கும் நடுவில் பஞ்சு. துர்க்கா கேட்ட தடிப்பு. அடுப்புக்கு மேலே துணியால் துடைக்கக்கூடிய பெயின்ற். ஃபேர்னஸ் அறையிலும் உடுப்புத் தோய்க்கிற இடத்திலும் அங்கிளின்ர ரைலைப் போடுங்கோ தம்பி, அங்கதான் பைப் திருகுகள் இருக்கு, தூக்கிப் பாக்கலாம். இராஜரட்ணம் கையிலிருந்த ரைல்களைப் பார்த்தார். மிச்சம்? என்று கேட்டார். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றாள் சந்திரவதனா.

கஜீவனுக்குச் சந்தோசம். ஒரேயொரு அலுவல்தான் என்று மேலே கைகாட்டினான். அந்தப் பெரிய தகரக் குழாய் குசினிக்கு நடுவால் போனது. அதைச் சுவரோரம் திருப்பினால் சீலிங் முழுக்க மட்டமாக வரும். இல்லாவிட்டால் குழாயைச் சுற்றிப் பெட்டி அடிக்க வேண்டும், அது குசினிக்கு நடுவில் சவப்பெட்டி மாதிரித் தொங்கும்.

"அது அங்கையே இருக்கட்டும்."

"அன்ரி, அங்கிளுக்குத் தலை இடிக்கும்."

"அவர் குனிவார்."

"அதுக்காகச் சொல்லேல்லை. இவ்வளவு காசு குடுத்துச் சத்தத்தை அடைக்கிறியள். இந்தக் குழாய் நேரா மேல்க் குசினி வென்றுக்குப் போகுது. இதுக்குள்ளாலை கதை வரும்."

சந்திரவதனா குழாயை அண்ணாந்து பார்த்தாள். "உள்ளுக்கும் பஞ்சு வைக்கலாமோ?"

"வைக்கலாம். வைச்சாக் கதை அடங்கும். தகரத்திலை ஏதும் பட்டா மட்டும் கேக்கும்."

"காணும்," என்றாள். "அடுப்புப் பக்கத்தாலை ஒரு கையளவு தகரத்தை மூடாம விடுங்கோ."

கஜீவன் இராஜரட்ணத்தைப் பார்த்தான். இராஜரட்ணம் தன் ரைல்களைப் பார்த்தார். எவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அது துர்க்காவுக்கு வைத்த பொறி என்று மனிசன் நினைத்துவிடுவார்.

வேலை முடிய ஆடி மாதம் ஆயிற்று. கஜீவன் சொன்ன திகதிக்கும் முடித்த திகதிக்கும் இடையில் இரண்டு திருவிழா வந்துபோனது. ஆவணியில் துர்க்கா குடும்பம் மேலே ஏறியது, இவர்கள் கீழே இறங்கினார்கள். சீலிங் வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் அந்தப் பெட்டி. இராஜரட்ணம் முதல் நாளே அதில் நெற்றியை இடித்துவிட்டு, ஒரு துண்டு ஸ்பொஞ்சை மூலையில் ஒட்டினார்.

பஞ்சு தன் வேலையைச் சரியாகச் செய்தது. மேலே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை. நதீஷா ஓடுவாள், விழுவாள், கத்துவாள். ஒன்றும் கேட்காது. துர்க்காவும் மிதுனனும் சண்டை பிடித்தார்களோ, சமாதானமானார்களோ, தெரியாது. சந்திரவதனா வேலைவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மேலே பார்ப்பாள். இது தன் வீடு, தன் சீலிங், தானே தெரிந்தெடுத்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். பழைய இடத்தில், காப்பெற்றுக்கு முந்திய நாட்களில், தான் எவ்வளவு பணக்காரியாக இருந்திருக்கிறாள் என்றும் நினைப்பு வரும். உடனே, சும்மா இரு என்று தனக்குத்தானே அதட்டுவாள். கேட்டதெல்லாம் அவளுக்குச் சொந்தமாகவா இருந்தது?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கீழே சாப்பிடுவதென்று பேச்சு. விளைமீன் குழம்பு, முருங்கைக்காய், நெத்தலிப் பொரியல். எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பாடு சரியென்றால் ரெக்ஸ்ற் பண்ணுங்கோ அம்மா என்று துர்க்கா சொல்லியிருந்தாள். சந்திரவதனா கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒரு விரலால் எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினாள். அதற்கும் இல்லை. மனிசன் மேசையில் இருந்துகொண்டு, மேல போய்க் கூப்பிடுமன் என்றார். அவளுக்கு முழங்கால் நோ. அதோடு, கூப்பிடாமல் அவர்களுடைய கதவைத் திறந்துகொண்டு போக அவளுக்கு விருப்பமில்லை.

அவள் அகப்பையை எடுத்துக் கழுவினாள். கதிரையில் ஏறத் தேவையிருக்கவில்லை. கையை நீட்டி, கஜீவன் மூடாமல் விட்ட தகரத்தில் இரண்டு தரம் தட்டினாள்.

டிங், டிங்.

இராஜரட்ணம் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் முதலில் பயம், பிறகு ஏதோ ஒரு கணக்குச் சரிவந்த மாதிரி ஒரு பார்வை. "அடி கள்ளி," என்றார் மெதுவாக. "இதுக்கோ பெட்டி?"

மேலே அமைதி. சந்திரவதனா அகப்பையை வைத்துவிட்டு, நெத்தலியைச் சட்டியிலிருந்து தட்டுக்கு மாற்றத் தொடங்கினாள். என்ன எதிர்பார்த்தோம் என்று தன்மீதே எரிச்சல் வந்தது. அந்த நாளில் துர்க்கா கிறீம் கிறாக்கருக்கு ஓடிய சின்னப்பிள்ளை. அது எங்கே ஞாபகம் இருக்கும்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மிதுனன் வெறுங்காலோடு ஓடி வந்தான். கையில் ஃபோன், காதோடு. "மாமி, ஃபேர்னஸுக்கு என்னவோ நடந்திட்டுது. பைப்புக்குள்ள அடிச்சுச் சத்தம் கேட்டது. கஜீவன் அண்ணையை லைனிலை எடுத்திட்டன், கிட்டப் போகாதேங்கோ." பெட்டிக்குக் கீழே நின்று, குண்டைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தான்.

அப்போது அவன் தலைக்கு மேலே தகரம் பாடியது. இரண்டு தட்டு. ஒரு சின்ன இடைவெளி. பிறகு அளவு தப்பி, அவசரமாக, பத்துப் பன்னிரண்டு தட்டு. முதல் இரண்டும் துர்க்கா தட்டியது, கரண்டி இப்போது நதீஷாவின் கைக்கு மாறிவிட்டது என்று சந்திரவதனாவுக்குத் தெரிந்தது.

மிதுனன் ஓரடி பின்னால் துள்ளினான்.

"ஒண்டுமில்லைத் தம்பி, ஃபோனை வையுங்கோ," என்றாள் சந்திரவதனா. "சாப்பாடு ஆகீட்டுது எண்டு சொன்னனான். வாறம் எண்டு சொல்லுறாள்."

இராஜரட்ணம் எழும்பி, பெட்டிக்குக் குனிந்து, அலுமாரியைத் திறந்தார். நாலு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்தார். பிறகு பிள்ளைக்கென்று சின்னதாய் ஒன்று.